புளி ஜாடிக்குள் எட்டுப் பவுன்

என் கல்யாணத்துக்கு அப்பா போட்ட எட்டுப் பவுன் நகையில் இன்று ஒரு குன்றிமணி அளவுகூட என்னிடம் இல்லை. ஒரு ஜோடி வளையல் வீட்டுக் கூரைக்குப் போனது. இன்னொரு ஜோடி ஆஸ்பத்திரிக்குப் போனது. அட்டிகை மகன் காலேஜில் சேர்ந்த வருஷம் போனது. திருடு போகவில்லை, தொலையவும் இல்லை. குடும்பம் நடத்தினவர்களுக்குத் தெரியும், தங்கம் அப்படித்தான் போகும். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அதற்கெல்லாம் முன்பு ஒரு தடவை, இரண்டு மாதம், அந்த நகை மொத்தமும் என் கையை விட்டுப் போயிருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் எவ்வளவு நல்லவள் என்று தாம்பரத்தில் பாதிப்பேர் பேசிக்கொண்டார்கள். உண்மை என்னவென்று எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். காலை மின்சார ரயிலைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். வீட்டைச் சுற்றி முள்வேலி, அதற்கப்பால் செம்மண் பொட்டல். விமானப்படை விமானங்கள் தலைக்கு மேல் இரைச்சலோடு போகும்போது மட்டும் ஊர் இருப்பது ஞாபகம் வரும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. பகல் முழுக்க நானும் கோழிகளும்தான்.

அந்தப் பக்கத்தில் வீடுகளுக்குள் திருடன் புகுவது சாதாரணம். ஆகவே ஒவ்வொரு வீட்டு அம்மாளுக்கும் நகையை ஒளித்து வைக்க ஓர் இடம் இருந்தது. அரிசி டின், கோழிக்கூடை, அடுப்புக்குப் பின்னால் ஒரு செங்கல், இப்படி. நான் புளி ஜாடியைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வளவில் நின்ற புளியமரம் அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பாதியை எங்களுக்கே விட்டுவிட்டார். ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு இரண்டடி உயரப் பீங்கான் ஜாடியில் அமுக்கி வைத்தேன். அமுக்கும்போது நடுவில் நகையைப் பிளாஸ்டிக் தாளிலும் கைக்குட்டையிலும் சுற்றி வைத்துவிட்டேன்.

திருடனுக்குப் பயந்து மட்டும் வைத்தேன் என்றால் அது பொய். என் கணவருக்கும் பயந்துதான் வைத்தேன். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கீழ்க்கட்டளையில் ஒரு கிரவுண்டு நிலத்தை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். நகையை விற்று அதை வாங்கிப் போட்டால் என்ன என்று இவர் கேட்டார். அங்கே அப்போது வயலும் ஏரியும்தான். நரி ஊளையிடுகிற இடத்துக்கு என் அட்டிகையைக் கொடுப்பதா? "நகை எல்லாம் பாளையங்கோட்டையில அம்மாகிட்ட இருக்கு. போன தடவை போனப்போ பத்திரத்துக்குக் கொடுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷர், அதுதான் அவரோடு குடித்தனம் பண்ணுவதில் உள்ள கஷ்டம். அந்த நிலம் இன்று என்ன விலை போகிறது என்று என் மகன் அவ்வப்போது கணக்குப் போட்டுச் சொல்லி என்னைச் சீண்டுவான். போடட்டும்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் நிலத்தில், தோட்டத்தில், வீட்டில் விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஆராதனையில் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். வரும் பணம் கோயிலுக்கு. எங்கள் சபையில் வாத்தியார்களும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும்தான் அதிகம். அவர்களுக்கு எங்கே விளைச்சல்? காலையில் மார்க்கெட்டில் வாங்கின பூசணிக்காயைத் துடைத்து, தோட்டத்தில் பறித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தூக்கி வருவார்கள். ஆண்டவருக்கும் தெரியும், மார்க்கெட்காரிக்கும் தெரியும்.

நாங்கள் அந்த வருஷம் ஒரு கோழியை நேர்ந்து விட்டிருந்தோம். பண்டிகைக்கு முந்தின நாள் அதைக் கீரி கொண்டுபோய்விட்டது. நான் பாடகர் குழுவில் பாடுவதால் காலையிலேயே கிளம்பவேண்டும். "வழியில ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வந்துடுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டாவது பாட்டின்போது காணிக்கைப் பொருள்களோடு ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். வாழைத்தார், கரும்பு, முட்டைக்கூடை, பூசணிக்காய், மறுபடியும் பூசணிக்காய். கடைசியில் என் கணவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் என் புளி ஜாடியை மார்போடு அணைத்து, மூச்சு வாங்க வந்தார். பீடத்துப் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. இத்தனை பேரில் நிஜமாகவே தன் கையால் உலுக்கி எடுத்த விளைச்சலைக் கொண்டுவந்தவர் தான்தான் என்ற சந்தோஷம். நான் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என்னை இடித்து, "பாடு, பாடு" என்றாள்.

ஏலத்தில் வாங்கிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்தவர்கள் தாங்கள் கொடுத்த பொருளை ஏலம் கேட்கமாட்டார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. கொடுத்ததை ஆண்டவரிடமிருந்து பிடுங்குவது போல் இருக்கும் என்று ஒரு கூச்சம். ஏலம் போட்டவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு மைக் வேண்டாம். "ஒரு ஜாடி புளி! கொட்டை எடுத்த புளி!" என்றதும், எங்கள் சபை நடத்திய பெண்பிள்ளைகள் போர்டிங்கின் மேட்ரனம்மா பத்து ரூபாய் என்றார். நான் கையைத் தூக்கிப் பன்னிரண்டு என்றேன்.

"இது உங்க வீட்டுப் புளியாச்சேம்மா! ஆண்டவர்கிட்டயே பேரமா?" என்றார் கார்டு. மரத்தடி முழுக்கச் சிரிப்பு. என் கணவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "என்ன இது? போர்டிங் பிள்ளைங்களுக்குப் போகுது, போகட்டும். நல்லதுதானே" என்றார். அவரிடம் நான் என்ன சொல்வது? நகை பாளையங்கோட்டையில் அல்லவா இருக்கிறது! என் எட்டுப் பவுன் ஒரு ரிக்‌ஷாவில் ஏறி, மேட்ரனம்மாவின் காலடியில் உட்கார்ந்து, என் கண்ணெதிரே போனது.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லி ஜாடியைக் கேட்கலாம். சொன்னால் என் கணவருக்குத் தெரியும், சபைக்குத் தெரியும். போர்டிங்கில் ஜாடிக்குள் யார் முதலில் கையை விடுவார்களோ, அதுவும் தெரியாது. ஆகவே மூன்றாம் நாள் நானே போர்டிங்குக்குப் போய் நின்றேன். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், பிள்ளைகளுக்கு ஏதாவது ஒத்தாசை செய்யலாமே என்று வந்தேன் என்றேன். மேட்ரனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா ஏலம் எடுத்துட்டு வர்றேன். கொடுத்தவங்க யாராவது பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்ததுண்டா?" என்றார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும், "சமையல்கட்டுல உதவி செய்யறேனே" என்றேன்.

சமையல்கட்டில் ஒரு ஆயா. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் சின்னதாக நாமக் கோடு, வாயில் எப்போதும் வெற்றிலை. திருநீர்மலைப் பக்கத்துக்காரி. என் ஜாடி அடுப்புக்கு எதிர்ச்சுவரோரம் துணி கட்டி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "புதுப்புளி போட்டு ரசம் வைக்கலாமே ஆயா" என்றேன்.

"பழசு இன்னும் கீதும்மா. அது தீரட்டும். இன்னா அவசரம்?" என்றாள்.

அவசரம் எனக்கல்லவா! ஆனால் வேறு வழி இல்லை. தினமும் பத்து மணிக்குப் போய் நாற்பது பிள்ளைகளுக்குக் காய் நறுக்கினேன், அரிசி களைந்தேன், மதியம் பரிமாறினேன். ஒரு கண் எப்போதும் ஜாடி மேல். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலை செய்தவர்கள். பரட்டைத் தலையும் பேனுமாக வந்து சேர்ந்தவை. காய் நறுக்கி முடித்தும் ஜாடியை விட்டுப் போக மனம் வராததால், அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து அவர்களுக்குத் தலை வார ஆரம்பித்தேன். முதலில் ஒருத்தி வந்தாள். மறுநாள் ஆறு பேர். அப்புறம் சண்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் சிறியவளுக்கு ஆறேழு வயது. கத்தரிக்காய் போட்டால் தட்டை அப்படியே என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் எடுத்துப் போடும்வரை நகரமாட்டாள்.

புரட்டாசி பிறந்தது. ஆயா சனிக்கிழமைகளில் சீக்கிரமே சமையலை முடித்துவிட்டுத் திருநீர்மலைக்குப் போய்விடுவாள். பெருமாள் எனக்கும் ஒரு வழி விட்டார் என்று எண்ணி, முதல் சனிக்கிழமையே ஜாடியின் துணியை அவிழ்த்துக் கரண்டிக் காம்பை உள்ளே குத்திப் பார்த்தேன். புளி இறுகிப்போயிருந்தது. இன்னொரு தடவை அழுத்தும்போது பின்னால், "என்னக்கா தேடறீங்க?" என்று அந்தக் கத்தரிக்காய்க்காரி நின்றாள்.

"பூச்சி பிடிச்சிருக்கான்னு பார்க்கறேன்" என்றேன்.

அவள் அதை அப்படியே நம்பினாள். என்னைச் சுற்றி எல்லாருமே ஏன் இப்படி நம்புகிறவர்களாக வந்து வாய்த்தார்களோ! அன்றிலிருந்து தினமும் நான் வருவதற்கு முன்பே அவள் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, வாசலுக்கே ஓடிவந்து, "பூச்சி இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, என் கூடவே சமையல்கட்டுக்குள் வருவாள். சமையல்கட்டில் தனியாக நிற்கவே எனக்கு இனி வழி இல்லாமல் போயிற்று.

இதற்கிடையில் ஊரில் என் பெயர் ஏறிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் மண்ணுலகப் பொக்கிஷத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பூச்சியும் துருவும் தின்றுவிடுகிற சொத்தை நம்பாமல் அழியாததைச் சேர்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "நம்முடைய சபையிலேயே ஒரு சகோதரி, கொடுத்ததோடு நிற்காமல், தான் கொடுத்த காணிக்கையைப் பின்தொடர்ந்தே போனார்" என்றார். எனக்குப் பின்னால் யாரோ தோளைத் தட்டினார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கும், "பார், எவ்வளவு தாழ்மை" என்று பேர் வந்தது.

என் கணவரோ ரயிலில் கூட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். மழை ஆரம்பித்ததும், ஆபீஸிலிருந்து வரும்போது பாரிஸ் கார்னரில் ஒரு குடை வாங்கி வந்தார். அதுவரை எங்கள் வீட்டில் அவருடைய குடை ஒன்றுதான். "நீ போர்டிங்குக்கு நனைஞ்சுக்கிட்டுப் போறியே, அதான்" என்றார். அந்தக் குடையைப் பிடிக்கும்போதெல்லாம் அவரிடம் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றும். நகை கையில் வந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுவேன்.

ஐப்பசியில் போர்டிங்கில் அம்மை பரவியது. கத்தரிக்காய்க்காரிக்கும் போட்டுவிட்டது. அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியும் குவாரியிலிருந்து உடனே வரமுடியவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனது, ஆகவே பயமில்லை. காலையிலிருந்து அவள் பாயருகே உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தேன். சொறியாதே, சொறியாதே என்று நூறு தடவை சொன்னேன். கஞ்சி ஊட்டினேன். சாயங்காலம் கொஞ்சம் ஜுரம் இறங்கிக் கண்ணைத் திறந்தவள், "இன்னைக்கு நான் பூச்சி பார்க்கலக்கா" என்றாள். "பரவாயில்ல, தூங்கு" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. விழுப்புரம் பாசஞ்சர் கடக்கும்வரை குடையோடு நின்றேன். அப்போதுதான், நானும் இன்று ஜாடியைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. ஒரு நாள் முழுக்க நகை ஞாபகமே வரவில்லை. அதற்கு நான் பதறியிருக்க வேண்டும், பதறவில்லை. அந்தப் பிள்ளைக்கு ராத்திரி ஜுரம் ஏறாமல் இருக்கவேண்டுமே என்றுதான் மனது ஓடியது. கேட் திறந்ததும் வீட்டுக்குப் போய் அதையே ஜெபம் பண்ணினேன். இரண்டு மாதத்தில் நான் யோக்கியமாகச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

நான் ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளை தேறியதும் என் கண் மறுபடியும் ஜாடிக்குப் போனது. அதற்குள் பழைய புளி தீர்ந்து, ஆயா ஜாடியில் கை வைத்திருந்தாள். தினமும் மட்டம் இறங்கியது. பாதி தாண்டியது. பொட்டலம் நடுவில் இருந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அடியில் இறங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மழை நாளில் ஆயா கடைசிப் பிடிப் புளியை வழித்துக் குண்டானில் போட்டாள். பொட்டலம் இல்லை.

நான் எழுந்து போய் ஜாடிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். உப்பும் நாரும்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை அடக்கமுடியாமல் வந்தது.

ஆயா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போய், இரண்டு கட்டையை நகர்த்தி, ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே என் கணவரின் கைக்குட்டை, முடிச்சு அவிழாமல்.

"ஜாடி வந்த மறுநாளே கெட்ச்சிதும்மா. வெயில்ல காய வெக்கலாம்னு புளியக் கொட்னேன், உள்ள இருந்து வுழுந்துச்சு. அடுத்த நாள் நீ வந்து நின்னியே, உன் கண்ணு ஜாடி மேலயே இருந்துச்சு. உன்துதான்னு தெரிஞ்சி போச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஆயா கொடுக்கல?" என்றேன். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

"அன்னிக்கே குட்த்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ ஒரு பொண்ணுக்குத் தலை வாரி வுட்டே. சரி, இன்னொரு நாள் வரட்டும்னு நெனச்சேன். அப்பால இதுங்க காலீல எழுந்ததும் அக்கா வந்துச்சா, அக்கா வந்துச்சான்னு கேட்டுகினு கீதுங்க. குட்த்துட்டா நீ வர மாட்டியேம்மா. தப்புதான். மலைக்குப் போயி பெருமாளாண்ட கூட சொல்லிட்டேன். நாளைக்கு வருவியா?"

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மாதம் என்னைத் தவிக்கவிட்டவள்! வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். வீட்டில் போய் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. வளையல்கள், அட்டிகை, ஜிமிக்கி, ஒன்றும் குறையவில்லை. புளி வாடைதான் அடித்தது. கண்ணாடி முன் நின்று அட்டிகையைப் போட்டுப் பார்த்தேன். யாரும் ஓடிவந்து, அக்கா நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. வீடு எப்போதும் போல் சும்மா இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் என் கணவர் வந்து, முகம் கழுவி, காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு நகையை அவர் எதிரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாளையங்கோட்டைப் பொய், புளி ஜாடி, ஏலம், கரண்டிக் காம்பு, ஆயா, எதையும் விடவில்லை. போதகர் புகழ்ந்த சகோதரி இந்த நகைக்காகத்தான் தினமும் போனாள் என்றேன். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ரயிலில் இனி எப்படி முகத்தைக் காட்டுவார் என்று நினைத்தபோது எனக்கே அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

அவர் நகையைத் தொடவில்லை. காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "அப்போ நாளையிலிருந்து நீ போர்டிங்குக்குப் போகமாட்டியா?" என்று கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது. அவருக்கு வந்த கவலை அது ஒன்றுதான்.

"போகாம? அதுங்களுக்கு யார் தலை வாருவா?" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன்.